இரவில் வேன் ஓட்டும் அப்பாவுக்கு எந்த லென்ஸ்?

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது, இரவில் வேன் ஓட்டுகிறார், சர்க்கரையால் விழித்திரையிலும் பாதிப்பு, கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் மல்டிஃபோக்கல் லென்ஸ் வைக்கச் சொல்கிறார்கள் ஆஸ்பத்திரியில் என்று எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால், ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் மோனோஃபோக்கல்தான் கேட்பேன். மல்டிஃபோக்கல், உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. எதிரே வரும் லாரி ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியலாம். விழித்திரை பழுதானவருக்கு அந்தப் பங்கீடு கட்டுப்படியாகாது. என் அம்மாவுக்கு மோனோஃபோக்கல்தான். காலண்டர் தாளில் ராகுகாலம் பார்க்க மட்டும் கண்ணாடியைத் தேடுவார், அவ்வளவே. விலை குறைவென்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். மதுரை அரோலேப் 1992இலிருந்து குறைந்த விலையில் லென்ஸ் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. அப்புறம், சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததால் வருவது) அதிகமா என்று கேளுங்கள். அதிகமென்றால் அதையும் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்குச் செலவழிக்கலாம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா?