சில்லறைக்கு எந்த வாலட்?

சின்னத் தொகைகளை நொடியில் அனுப்ப, சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் கிரிப்டோ வாலட்டுகள் பற்றி வாசகர்கள் கேட்டவை.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பிலேயே என் பிட்காயின் இருக்கிறது. அதை விட்டுத் தனியாக ஒரு வாலட் எதற்கு? (கோவை வாசகர்)

எக்ஸ்சேஞ்சில் நீங்கள் பார்ப்பது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிய எண். காசைத் திறக்கும் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வஸீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் களவு போனது. அதன் பிறகு வாடிக்கையாளர்கள் ஆப்பில் எண்ணைப் பார்க்க முடிந்ததே தவிர, காசை எடுக்க முடியவில்லை. சாவி உங்களிடம் இருந்தால் இந்த ஆபத்து இல்லை. பதிலுக்கு வேறொன்று வந்து சேரும்: சாவியைத் தொலைத்தால் முறையிட ஆள் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் அளவுக்கு அனுப்புகிறவர் என்றால், வேறு யாராவது சாவி வைத்திருக்கும் சாதாரண வாலட்டே போதும். போனால் வருத்தப்படும் தொகை சேரும்போது மாறிக்கொள்ளலாம். சொந்தச் சாவிக்குச் செலவு உண்டு. அந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அடுத்த கேள்விகளில் பார்ப்போம்.

பாட்காஸ்ட் நடத்துபவர்களுக்கு 200 சாட், 500 சாட் என்று அனுப்புகிறேன். எப்போதாவது 20,000 வரை போகும். எந்த ஆப் நல்லது? (புதுச்சேரி வாசகர்)

சாட் என்பது சாட்டோஷியின் சுருக்கம்; ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சாட்டோஷி. பிட்காயினின் பிரதான செயின் என்ற பொதுப் பேரேட்டில், பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் ஒரு பிளாக் வர சராசரியாக 10 நிமிடம் ஆகும். கட்டணமோ தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனை எத்தனை பைட் என்பதைத்தான் பார்க்கும். 200 சாட்டுக்கு அது ஒத்து வராது. அதனால் பிட்காயினின் மேல் ஓடும் லைட்னிங் என்ற வலையமைப்பு. அதில் இரண்டு பேர் ஒரு சேனலில் காசைப் பூட்டிவைத்து, உள்ளுக்குள் கணக்கை மாற்றி எழுதிக்கொண்டே போவார்கள். செயினுக்குப் போவது தொடக்கத்திலும் முடிவிலும்தான்.

ஆப்பின் அழகை விட்டுவிட்டு, உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

ஃபீனிக்ஸ் போன்ற வாலட்டுகள் உங்கள் போனிலேயே நிஜமான லைட்னிங் சேனலை வைத்திருக்கும். மறுமுனையில் இருப்பது அந்த ஆப்பைச் செய்த பிரெஞ்சு நிறுவனமான ஏசிங்க். அனுப்பும் கட்டணம் 0.4 சதவீதம், அதோடு 4 சாட். 20,000 அனுப்பினால் 84 சாட் போகும். சதவீதத்தில் அரைக்கும் கீழே. ஆனால் 200 சாட்டுக்கு ஏறக்குறைய 5 சாட், அதாவது இரண்டரை சதவீதம். குறைந்த தொகைகளைக் கடிப்பது அந்த 4 சாட்தான். ஒரே நிறுவனத்தோடு சேனல் என்பதால் நீங்கள் யாருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் படுத்துவிட்டால் பணம் அனுப்ப முடியாது. ஆனாலும் சேனலை ஒருதலையாக மூடி, காசைச் செயினில் எடுத்துக்கொள்ளலாம். சொந்தச் சாவி என்பதன் முழுப் பொருள் இதுதான்.

அக்வா போன்றவை காசை லிக்விட் என்ற துணைச் செயினில் வைத்து, லைட்னிங் இன்வாய்ஸ் (பணம் கேட்கும் சீட்டு) வரும்போது மாற்றிக் கொடுக்கும். லிக்விடில் பிளாக் நிமிடத்துக்கு ஒன்று. சேனல் தொல்லையே இல்லை. ஆனால் அங்கே இருக்கும் பிட்காயினுக்கு ஆதாரமான நிஜ பிட்காயினை 15 நிறுவனங்களின் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. அதில் 11 பேர் கையெழுத்திட்டால்தான் வெளியே வரும். லிக்விட் சாவி உங்களுடையதுதான், அதற்கடியில் இருக்கும் பூட்டு அவர்களுடையது. மாற்றும்போது குறைந்தபட்சத் தொகையும் உண்டு. உங்கள் 200 சாட் அந்த வரம்புக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்பார்க் என்ற முறையில் இயங்கும் வாலட்டுகள் புதியவை. சேனல் கிடையாது, தொடக்கச் செலவும் கிடையாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும், சாவியின் துண்டுகளை வைத்திருக்கும் நடத்துநர்களில் ஒருவராவது தன் பழைய துண்டை நேர்மையாக அழித்தார் என்று நம்ப வேண்டும்.

மியூன் வெகுநாளாக இருக்கும் வாலட், பலரும் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அதில் காசு பிரதான செயினில்தான் இருக்கும். லைட்னிங் பணத்தைச் செயின் பரிவர்த்தனையோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. செயினில் நெரிசல் வந்தால் உங்கள் சில்லறைக்கும் நெரிசல் கட்டணம். பாட்காஸ்டுக்கு அது வேண்டாம்.

உங்கள் பழக்கத்துக்கு எங்கள் தேர்வு ஃபீனிக்ஸ்: ஒரே தடவையில் 50,000 சாட்டுக்குக் குறையாமல் போட்டு, அதிலிருந்து செலவழியுங்கள். ஒருமுறைக்கு 200 சாட் மட்டுமே என்றிருந்தால் பதில் மாறியிருக்கும். ஒன்று கவனியுங்கள், பையில் இருப்பதை முழுசாக அனுப்ப முடியாது. 10,000 சாட் இருந்தால் 9,956 தான் போகும், மீதி கட்டணம். 'இருப்பு போதவில்லை' என்று ஆப் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவே.

புது வாலட்டில் நண்பர் 3,000 சாட் அனுப்பினார். வந்தது பாதிக்கும் குறைவு. இன்னொரு நண்பர் அனுப்பியது ஏற்கப்படவே இல்லை. ஏமாற்றுகிறார்களா? (சிங்கப்பூர் வாசகர்)

ஏமாற்று இல்லை, ஆப் முன்கூட்டியே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். புது வாலட்டுக்குச் சேனல் கிடையாது. முதல் தொகை வரும்போது மறுமுனை நிறுவனம் உங்களுக்காக ஒரு சேனல் திறக்கிறது. அது செயினில் நடக்கும் பரிவர்த்தனை. அளவு ஏறக்குறைய 150 விர்ச்சுவல் பைட். அன்றைய விலை பைட்டுக்கு 2 சாட் என்றால் 300 சாட் செலவு. 10 சாட் என்றால் 1,500. உங்களுக்கு நடந்தது இப்படித்தான் இருக்கும். 2024 ஏப்ரல் 20, நான்காவது ஹாவிங் (புதுப் பிட்காயின் வரத்து பாதியாகும் நிகழ்வு) நடந்த நாளில், பைட் விலை நூற்றுக்கணக்கான சாட்டுக்குப் போனது. அன்று யாராவது 3,000 சாட்டுக்குச் சேனல் திறந்திருந்தால் வந்த தொகையைப் போலப் பல மடங்கு கட்டணம் ஆகியிருக்கும். அதனால்தான் ஆப்பில் கட்டண உச்சவரம்பு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. செலவு அதைத் தாண்டினால் வரும் பணத்தை ஆப் மறுத்துவிடும். அனுப்பியவருக்கே திரும்பப் போகும். இரண்டாவது நண்பரின் பணம் நின்றதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வாங்கும் இடம். சேனலை ஒரு குடம் என்று வையுங்கள். ஒரு லட்சம் சாட் கொள்ளும் குடத்தில் உங்கள் பங்கு 95,000 என்றால், இன்னும் 5,000 தான் உள்ளே வர முடியும். செலவழித்தால் இடம் கிடைக்கும், வெறுமனே சேர்த்தால் கிடைக்காது. ஃபீனிக்ஸில் கூடுதல் இடத்துக்கு 1 சதவீதமும் மைனர் கட்டணமும் (செயினில் பதிபவர்களுக்குப் போகும் கட்டணம்) உண்டு. 2023 ஜூலை முதல் அது ஸ்ப்ளைசிங் முறையில், இருக்கும் சேனலையே பெரிதாக்குகிறது. முன்பு போல ஒவ்வொரு தடவையும் புதுச் சேனல் திறப்பதில்லை.

செய்ய வேண்டியது: செயின் கட்டணம் குறைவாக இருக்கும் நேரம் பாருங்கள். வார இறுதிகளில் பெரும்பாலும் குறையும். முதல் தொகையைப் பெரிதாகப் போடுங்கள். வாங்குவதே முக்கிய வேலை என்றால், எதிர்பார்க்கும் தொகைக்கு இடத்தை முன்பே ஒருசேர வாங்கிவிடுங்கள். துளித்துளியாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் மைனர் கட்டணம். உச்சவரம்பைத் தூக்கி வைப்பது மட்டும் கூடாது.

'பெண்டிங்' என்றே காட்டுகிறது. கடைக்காரர் வேறு இன்வாய்ஸ் தருகிறார். திரும்பக் கட்டலாமா? (சென்னை வாசகர்)

கட்டாதீர்கள். வழியில் பணத்தைக் கடத்திவிடும் ஏதோ ஒரு நோட் (லைட்னிங் கணினி) இணைப்பில் இல்லாமல் பணம் பூட்டிக்கிடக்கிறது. அது போய்ச் சேரும், அல்லது நேரம் முடிந்து திரும்பும். சில மணி நேரம், சில சமயம் ஒன்றிரண்டு நாள். புது இன்வாய்ஸுக்குக் கட்டிய பிறகு பழையதும் போய்ச் சேர்ந்தால் இரண்டு தடவை கொடுத்ததாகிவிடும். 'தோல்வி' என்று ஆப் தெளிவாகச் சொன்ன பிறகுதான் மறுபடி. தோல்வி உடனே வந்தால் இன்வாய்ஸ் காலாவதி ஆகியிருக்கலாம்: தனியாக நேரம் குறிக்காத இன்வாய்ஸுக்கு ஆயுள் 3,600 வினாடி, அதாவது ஒரு மணி.

போன் தொலைந்தது. 12 சொற்களும் எழுதி வைத்திருந்தேன். வேறொரு ஆப்பில் போட்டால் இருப்பு பூஜ்யம்! (மதுரை வாசகர்)

பதற்றம் வேண்டாம், பழைய ஆப்பையே புதுப் போனில் நிறுவி அங்கே சொற்களைப் போடுங்கள். வாலட் தொடங்கும்போது தரும் அந்த 12 மீட்புச் சொற்கள் செயினில் உள்ள காசைக் கண்டுபிடிக்கும். சேனலில் உள்ள காசுக்கு, கடைசிக் கணக்கு எவ்வளவு என்ற தகவலும் வேண்டும். ஃபீனிக்ஸ் அதைப் பூட்டிய வடிவில் ஏசிங்கிடம் வைத்திருப்பதால் சொற்கள் மட்டுமே போதும், ஆனால் ஃபீனிக்ஸுக்குள்தான். போனுக்குள்ளேயே முழு நோட் ஓட்டும் சூஸ், பிளிக்ஸ்ட் போன்றவற்றில் சேனல் பேக்கப் கோப்பு தனியாக வேண்டும். அந்தக் கோப்பு சேனலை அப்படியே மீட்பதில்லை. 'மூடிவிடு' என்று மறுமுனையைக் கேட்கும். பிறகு காசு செயினில் வரும்.

இரண்டு விஷயத்தில் கவனம் தவறினால் காசே போகும். பழைய போனின் முழு டேட்டா பேக்கப்பை எடுத்துப் போட்டு ஓட்டாதீர்கள். பழைய கணக்கைச் செயினில் வெளியிடுவதை லைட்னிங் திருட்டாகவே பார்க்கும். சேனலில் உள்ள முழுத் தொகையும் மறுமுனைக்குத் தண்டனையாகப் போய்விடும். அதே காரணத்துக்காக, ஒரே 12 சொற்களை இரண்டு போனில் ஒரே நேரத்தில் ஓட்டவும் கூடாது.

எலக்ட்ரம் ஆப்பின் சொற்கள் வேறு முறையில் உருவாகின்றன. மற்ற ஆப்கள் பெரும்பாலும் ஏற்காது. எந்த ஆப்பின் சொற்கள் என்பதையும் தாளில் எழுதி வையுங்கள்.

யூஎஸ்டிடி வந்திருக்கிறது, அனுப்ப முடியவில்லை. 'டிஆர்எக்ஸ் போதவில்லை' என்கிறது. (திருப்பூர் வாசகர்)

டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிடி டோக்கன் உங்களுக்கு ட்ரான் என்ற வேறொரு செயினில் வந்திருக்கிறது. அங்கே கட்டணம் யூஎஸ்டிடியில் கழிவதில்லை, அந்தச் செயினின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸில் கழியும். கொஞ்சம் டிஆர்எக்ஸை அதே முகவரிக்கு வரவழைத்தால் நகரும். சொலானா செயினிலும் இதே கதை, அங்கே நாணயம் எஸ்ஓஎல்: கையெழுத்துக்கு 0.000005 எஸ்ஓஎல் என்று கட்டணம் அற்பம்தான், ஆனால் அந்த டோக்கனை அதுவரை வாங்காத ஒருவருக்கு முதல்முறை அனுப்பும்போது கணக்குத் திறக்க சுமார் 0.002 எஸ்ஓஎல் வேண்டும். முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, அந்தப் பட்டியலில் இடம்பிடிப்பது இப்போதைய திருட்டு வித்தை. நடு எழுத்துகளையும் பாருங்கள்.

சின்னத் தொகைக்கும் வரி உண்டா? (ஈரோடு வாசகர்)

இந்தியாவில் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். செலவழிப்பதும் கைமாற்றமே. 100 ரூபாய்க்கு வாங்கிய சாட்டை 140 ரூபாய் மதிப்பில் செலவிட்டால் 40 ரூபாய் லாபம், வரி 12 ரூபாய் 48 காசு. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாலட்டில் பரிவர்த்தனைப் பட்டியலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். நூறு சிறு அனுப்புதல்களின் ரூபாய் மதிப்பை மார்ச் மாதம் உட்கார்ந்து தேடுவது நரகம்.

நிறுவிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? (யாழ்ப்பாணம் வாசகர்)

ஆப் கடையில் தேடாமல், தயாரிப்பாளரின் தளத்திலுள்ள இணைப்பிலிருந்து இறக்குங்கள். 12 சொற்களைத் தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அது கிளவுடுக்குப் போய்விடும். சொற்கள் 2,048 கொண்ட பட்டியலிலிருந்து வருகின்றன. முதல் நாலு எழுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும், ஆகவே அந்த நாலும் தெளிவாக இருக்கட்டும். சேனல் திறக்கும் முன்பே, காசே போடாமல், ஆப்பை அழித்துவிட்டு அந்தத் தாளை வைத்து மீட்டுப் பாருங்கள். மீண்ட பிறகு முதல் தொகையைப் போட்டு, 100 சாட் அனுப்பிச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பிலிருந்து ஆப்பை விலக்கி வையுங்கள். போன் தூங்கினால் வரும் பணம் வாசலிலேயே நின்று திரும்பும்.