சுகர் ஊசி மருந்து அடியில கட்டி கட்டியா நிக்குது, கடையில மாத்தித் தரமாட்டேங்குறாங்க

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 62 வயசு, தினம் ரெண்டு வேள 30/70ன்னு ரெண்டு வகை இன்சுலின் கலந்த சுகர் ஊசி போடுறோம். போன வாரம் ராம்நாட்டுல ஒரு மெடிக்கல்ல வாங்கினேன், வெயிலா இருக்கேன்னு மீன் ஐஸ் பெட்டியில ஐஸுக்கு நடுவுல வச்சு கொண்டு வந்தேன். இப்ப எவ்வளவு உருட்டுனாலும் அடியில கட்டி நிக்குது, சுகர் 300க்கு மேல போகுது. கடையில கேட்டா வித்தத திரும்ப வாங்கமாட்டோம்ங்குறாங்க, பில்லும் தரல. என்ன பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல அந்தக் குப்பிய இனிமே போடாதீங்க, அதுக்காக ஊசிய நிறுத்திடவும் கூடாது, இன்னைக்கே புதுக் குப்பி வாங்கி போட ஆரம்பிச்சுட்டு டாக்டர்கிட்ட 300ங்கிறத சொல்லிருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

30/70 மருந்து வெள்ளையாத்தான் இருக்கும், உள்ளங்கையில மெதுவா உருட்டுனா பால் மாதிரி ஒரே சீரா ஆகணும். கட்டி நின்னாலோ, குப்பி சுவத்துல உப்பு பூத்த மாதிரி ஒட்டியிருந்தாலோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். (சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற தெளிவான ரெகுலர் ஊசின்னா கலங்கினாலே போடக்கூடாது.)

உள்ளதச் சொல்லணும், இதுக்கு ஐஸ் காரணமா இருக்கலாம். தொறக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஒரு தடவ உறைஞ்சாலே வேல செய்யாது, திரும்ப உருகுனாலும் பிரயோஜனமில்ல. ஐஸ் மேல படுற மாதிரி வைக்கவே வைக்காதீங்க, துணியில சுத்தி ஒரு டப்பாவுல போட்டு அந்த டப்பாவ ஐஸ்லேர்ந்து தள்ளி வைங்க. ஆனா இத கடையில ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருந்தா உங்களுக்கு இந்த நஷ்டமே இல்ல, ஃபார்மசிஸ்ட்னு ஒருத்தர் கடையில இருக்கணும்னு சட்டம் சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

கடையிலேயே கெட்டிருக்கவும் வாய்ப்பிருக்கு. நான் வாங்குற கடையில ஃபிரிட்ஜ தொறந்தா உள்ள சின்ன தெர்மாமீட்டர் தொங்கும், பக்கத்துல ஒரு நோட்டு, காலையிலயும் சாயங்காலமும் டிகிரி எழுதி வச்சிருப்பாங்க, கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்கு. இன்னொரு கடையில ஊசி மருந்துக்கு ஒட்டி தண்ணி பாட்டிலும் தயிர் பாக்கெட்டும் இருந்துச்சு, கதவு நிமிஷத்துக்கு ஒரு தடவ தொறக்குது, அங்க நான் திரும்பப் போகல. நீங்களும் கடையில வச்சே குப்பிய வாங்கி உருட்டிப் பாருங்க, கூச்சப்படாதீங்க, காசு உங்களுது, உடம்பு அம்மாவோடது.

பில் தராம விக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கெட்ட பொருளா இருந்தா, பில்லுல வேற கெடு போடலைன்னா, 30 நாளைக்குள்ள திரும்ப வாங்க மறுக்கிறதும் அதேதான். ஆனா ஐஸ்ல வச்சத மறைச்சு சண்டை போடாதீங்க. குப்பியில இருக்க பேட்ச் நம்பர போட்டோ எடுத்து மாவட்ட மருந்து ஆய்வாளர்கிட்ட குடுங்க, அதே பேட்ச் கடையில சீல் உடையாம இருந்தா அவங்க சாம்பிள் எடுக்கலாம். பில்லு, பணம் சம்பந்தமா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க.

வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லைன்னா மண்பானையில ஈர மணல் போட்டு நடுவுல டப்பா வச்சுக்கலாம். தொறந்த குப்பி பொதுவா 28 நாள், தொறந்த தேதிய பேனாவுல குப்பி மேலயே எழுதிருங்க.

கேள்வி: கீழக்கரைலேர்ந்து. மாத்திரைய அட்டையில வெட்டி நாலு தர்றாங்க, எக்ஸ்பைரி அடுத்த துண்டுல போயிருது. வாங்கலாமா?

பதில்: பில்லுல மருந்து பேரு, பேட்ச், எக்ஸ்பைரி மூணும் எழுதிக் குடுத்தா வாங்கலாம், இல்லாட்டி முழு அட்டைய காட்டச் சொல்லி பார்த்துட்டு போட்டோ எடுத்துக்குங்க. 06/2027னு இருந்தா ஜூன் 30 வரைக்கும்னு அர்த்தம். நம்ம கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி, மாத்திரைய அட்டையிலேர்ந்து உரிச்சு வேற டப்பாவுல கொட்டி வைக்காதீங்க. ஆஸ்பிரின்ல காடி (வினிகர்) வாசம் அடிச்சா ஈரம் ஏறிக் கெட்டுப்போச்சு, கேப்சூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனாலும் போடாதீங்க.