மாலதிக்கு இன்னொரு துயரம் தேவையா?

கேள்வி: நான் எழுதிவரும் முதல் நாவலின் நாயகி மாலதி. அம்மா இறந்தபின் இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவள். 19-ஆம் அத்தியாயத்தில் அவளுக்கு வேலை போகிறது, நிச்சயித்த திருமணம் நின்றுபோகிறது, பெரிய தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். இரவெல்லாம் அழுகிறாள். மறுநாள் காலை புது மனுஷியாக எழுகிறாள். படித்துப் பார்த்த நண்பர்கள், ‘பாவமா இருக்கு, ஆனா மனசுல தைக்கல’ என்கிறார்கள். இன்னும் என்ன துயரத்தைச் சேர்க்கலாம்?

பதில்: எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதிலேயே இரண்டை எடுத்துவிடுங்கள். வேலை போனதும் கல்யாணம் நின்றதும் வெளியிலிருந்து வந்த அடிகள். மாலதியின் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அந்த அடி விழுந்திருக்கும். அதனால்தான் உங்கள் நண்பர்களுக்கு இரக்கம் வந்தது, பதைப்பு வரவில்லை. தம்பி சொல்லாமல் போனது ஒன்றுதான் மாலதி மாலதியாக இருந்ததால் நடந்தது. உங்கள் நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பாத்திரம் எந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்ததோ, அது பொய் என்று அதற்கே தெரிந்துவிடுகிற நேரம்தான் இருண்ட கணம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். பாண்டியன் அங்கே போரில் தோற்கவில்லை, நாட்டையும் இழக்கவில்லை. கண்ணகி வந்து நிற்கும்போது நிதானமாகத்தான் பேசுகிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அதுதான் அரச நீதி என்கிறான். தான் நீதி தவறாதவன் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனே சொல்கிறான். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை அவனே கொண்டுவரச் சொல்லி வைக்கிறான். கண்ணகி அதை உடைக்கிறாள். மாணிக்கப் பரல், தீர்ப்புச் சொன்ன அதே வாயருகே போய்த் தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி விழுந்துவிடுகிறான்.

எவ்வளவு குறைவான சொற்கள் பாருங்கள்! அழுகை இல்லை, புலம்பல் இல்லை. கோவலன்மேல் அவன் சுமத்திய பழி அப்படியே திரும்பி அவன்மேல் உட்காருகிறது. உடைய வேண்டிய நம்பிக்கையை, உடைவதற்குச் சற்று முன்னால் அவன் வாயாலேயே நாம் கேட்டுவிட்டோம். அதனால்தான் ஒற்றை வரி போதுமானதாக இருக்கிறது.

சரி, மாலதி எதை நம்பி வாழ்கிறாள்? ‘நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் நடக்காது.’ கதையின் முதல் பாதியில் வாசகரும் இதை ஆமோதிக்க வேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, அவள் விழித்திருந்துதான் காய்ச்சல் இறங்குகிறது. அப்புறம், அதே நம்பிக்கை அவளை ஒரு தவறு செய்ய வைக்கட்டும். உதாரணமாக, பெரிய தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்து ஒரு கடிதம் வருகிறது. ‘அவன் தனியாக இருந்து பழக்கமில்லாதவன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறாள். அன்பினால்தான் செய்கிறாள். அதை நாமும் நம்ப வேண்டும், கொஞ்சம் கூசவும் வேண்டும்.

இப்போது 19-ஆம் அத்தியாயம். தம்பி போய்விட்டான். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசுகிறான். ‘ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேடா’ என்கிறாள். ‘சொல்லியிருந்தா விட்டிருப்பியாக்கா?’ என்கிறான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அவளிடம் பதில் இல்லை. காட்சியை அங்கேயே நிறுத்துங்கள். ‘அவள் உள்ளம் சுக்குநூறானது’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள்.

மறுநாள் காலையே அவள் மாறிவிடுகிறாள் என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. நம்பிக்கை ஆட்டம் கண்டதும் மனிதர்கள் முதலில் அதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். மாலதி சின்னத் தம்பியின் பையைத் துழாவுவாள், அவன் நண்பர்களிடம் விசாரிப்பாள், பத்து நிமிடம் தாமதமானாலும் வாசலில் நிற்பாள். இதற்கு ஓர் அத்தியாயமாவது கொடுங்கள். நாவலின் மிக உண்மையான பக்கங்கள் இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். மாற்றம் வலிக்கும் என்பதை வாசகர் இந்தப் பக்கங்களில்தான் அறிவார்.

மாற்றத்தை அவள் செயலில் காட்டுங்கள். பழைய சூழ்நிலை இன்னொரு முறை வர வேண்டும். இந்தமுறை சின்னவனுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவன் வீட்டில் இல்லை. பீரோ பக்கத்திலேயே இருக்கிறது. அவனும் போய்விட்டால் வீட்டில் அவள் ஒருத்திதான். அந்தத் தனிமை வாசகருக்கு முழுசாகத் தெரிந்திருந்தால்தான், அவள் கடிதத்தை மேசைமேல் வைப்பதற்கு ஒரு விலை இருக்கும். வைத்தபிறகும் அவள் மகானாகிவிட வேண்டாம். ‘சாப்பாட்டுக்கு என்ன செய்வே?’ என்று நச்சரிக்கலாம். பாதி மாறியவளைத்தான் நான் நம்புவேன்.

திருத்தும்போது முதலில் 19-ஐத் தொடாதீர்கள். கடிதத்தை ஒளித்துவைக்கும் காட்சியை எழுதிவிட்டு வாருங்கள். அது சரியாக அமைந்துவிட்டால் தொலைபேசிக் காட்சிக்கு இரண்டு பக்கம் தாராளம்.