கதவு திறந்திருந்தால் நுழையலாமா? கணினிப் பாதுகாப்புக் கேள்வி-பதில்

கேள்வி: கடன் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அப்பாவின் பாக்கியைப் பார்த்தேன். முகவரியின் கடைசி எண்ணை மாற்றினால் மற்ற தோட்டத்துக்காரர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், சம்பளம் எல்லாம் வருகிறது. உதவி செய்யலாமே என்று பதினைந்து பேருடையதைப் பார்த்தேன். சொன்னால் மாட்டிக்கொள்வேனா?
- படிவம் 6 மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: முதல் எண் கைதவறியது என்று சொல்லலாம். பதினைந்தாவதை அப்படிச் சொல்ல முடியாது. மலேசியாவின் 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியில்லை என்று தெரிந்தே நுழைந்தீர்களா என்றுதான் பார்க்கும். நல்ல எண்ணம் தப்பிக்க வழியாகாது. உச்ச தண்டனை 50,000 ரிங்கிட் அபராதம், 5 ஆண்டுச் சிறை அல்லது இரண்டும்.

கோளாறு எளியது. உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் சரிபார்க்கிறது. கேட்ட கணக்கு அவருடையதுதானா என்று பார்ப்பதில்லை. இதைக் காட்ட ஒரு பக்கம் போதும், பதினைந்து தேவையே இல்லை.

இப்போதே நிறுத்துங்கள். அந்த விவரங்களை யாருக்கும், வாட்ஸ்அப் குழுவுக்கும்கூட, அனுப்பாதீர்கள். இத்தனை பார்த்துவிட்டதால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பிறகு சங்கத்துக்கு எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்தத் தேதி, என்ன மாற்றினால் என்ன தெரிகிறது. படம் இணைத்தால் பெயரையும் ஐசி எண்ணையும் மறையுங்கள். பதில் வராவிட்டால், சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் புகார் மையமான சைபர்999-இல் புகார் செய்யலாம். 'காசு கொடுத்தால் சொல்கிறேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உதவி அந்த வரியிலேயே மிரட்டலாகிவிடும்.

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்தும் அண்ணன், "வைஃபையை உடைச்சுப் பாருடா" என்கிறார். வாய்ச்சொல் போதுமா?

பதில்: போதாது. எந்தக் கருவி, எந்த நாள், எத்தனை மணி வரை, எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்துக் கடையின் சிக்னலும் அங்கே வரும். அண்ணனின் அனுமதி அதற்குச் செல்லாது. இதையே தொழிலாகச் செய்து கூலி வாங்குவதானால், 26.8.2024 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டப்படி ஊடுருவல் சோதனைச் சேவைக்கு (அனுமதியோடு உடைத்துப் பார்த்து ஓட்டை தேடுவதற்கு) உரிமம் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எங்கேதான் பழகுவது?

பதில்: உங்கள் மடிக்கணினியில். 8 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), சோதனைக் கருவிகள் அடங்கிய காளி லினக்ஸுக்கு 2 ஜிபி, பயிற்சிக்காகவே ஓட்டையோடு செய்யப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள் 2-க்கு 512 எம்பி கொடுங்கள். இரண்டின் நெட்வொர்க்கையும் 'ஹோஸ்ட்-ஒன்லி' என்று வையுங்கள்; அவை உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும். பலர் 'பிரிட்ஜ்ட்' வைத்துவிடுகிறார்கள். அப்போது அந்த ஓட்டை இயந்திரம் வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: நிறுவனங்கள் ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு தருகின்றனவே, அதற்காகச் செய்வது தப்பா?

பதில்: தப்பில்லை. எந்தத் தளங்களைத் தொடலாம் என்று அவர்களே பட்டியல் போட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாததைத் தொட்டால் பரிசும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.