கத்திரி வெயிலில் வேன் பயணம்: வடகடலா, தென்கடலா?

கேள்வி: படுக்கை, சின்னச் சமையல் மேடை, வீட்டு ஏசி எல்லாம் பொருத்திய டெம்போ டிராவலர் வேன் என் கணவரின் நண்பரிடம் இருக்கிறது. நாள் வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். மே மாதம் இரண்டாவது வாரம் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி தொண்டி, தேவிபட்டினம், அரிச்சல்முனை, வாலிநோக்கம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கடற்கரை மணலில் வேனை நிறுத்தித் தூங்க ஆசை. நான், கணவர், 12 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். ஐந்து நாள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பேட்டரி வேண்டும்? ராத்திரி ஏசி ஓடுமா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வழி நல்ல வழி. ராத்தங்கலைத்தான் மாற்ற வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சுமார் 237 கி.மீ. கடற்கரை இருந்தாலும் அது ஒரே கடல் இல்லை. எஸ்.பி. பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை பாக் நீரிணை. மண்டபத்துக்குத் தெற்கே திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போவது மன்னார் வளைகுடா. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் முரண்டு பிடிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுக்கத் தொடங்கினால் நிலைமை அப்படியே மாறிவிடும். தென்கடல் ஓரத்தில் மணலும் உப்புத் தூவானமும் முகத்தில் அறையும். வடகடலோ குளம் மாதிரி இருக்கும். ஆகவே நீங்கள் போகும் நாட்களில் தூங்குவதும் குளிப்பதும் வடகடல் பக்கம் இருக்கட்டும். தென்கடலைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். இதே பயணத்தைப் பொங்கல் விடுமுறையில் வைத்திருந்தால் பதிலைத் திருப்பிப் போட்டிருப்போம்.

வடகடல் குளம் மாதிரி என்றதும் மகனுக்குக் காற்றடைத்த டியூப் வாங்கிவிடாதீர்கள். கச்சான் அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலை இல்லாததால் ஆபத்து கண்ணில் படாது. டியூபில் படுத்த பையன் பத்து நிமிடத்தில் ஆளெட்டாத தூரம் போய்விடுவான். சேறும் கடற்புல்லும் கலந்த ஆழமில்லாத தரை என்பதால் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரிலேயே அலசுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

மணலில் தூங்குவதை ஏன் வேண்டாம் என்கிறோம்? அரிச்சல்முனையில் அது முடியவே முடியாது: மாலைக்குள் எல்லா வண்டியையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மற்ற இடங்களிலும் இது இலங்கையைப் பார்த்த கரை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்து உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டி ஆதாரும் ஆர்.சி.யும் கேட்பது அவர்கள் வேலை. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோன் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

மூன்றாவது காரணம் வேனின் எடை. தண்ணீர், கட்டில், பேட்டரி, ஆட்கள் எல்லாம் ஏறியபின் அது மூன்று டன்னைத் தாண்டும். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இருந்தால் முன் சக்கரம் போட்ட தடத்தில் அது உருளாது, தனக்கென்று புதிதாக மணலை உழும். தார் ரோட்டின் ஓரத்தில் காற்று கொட்டிவைத்த மணலில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினாலே போதும். அப்படி மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் இறங்கும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக மணலை வாரி, டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, சாக்கோ கால்மிதியோ பனை ஓலையோ திணித்து, ரிவர்ஸில் மெதுவாக வந்த வழியே பின்னால் எடுக்கப் பாருங்கள். கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், கருகிவிடும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் டிராக்டர் கூப்பிடுவதே மேல். தார் ஏறியதும் காற்றை நிரப்பாமல் பத்து கி.மீ. கூட ஓட்டக்கூடாது. அதனால் 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பு கட்டாயம் வேண்டும்.

அந்தப் பம்பு இன்னொன்றுக்கும் உதவும். இந்த மாவட்டத்தில் டயருக்குப் பெரிய எதிரி ஆணி இல்லை, சீமைக்கருவேல முள். நிழல் இருக்கிறதே என்று அதன் அடியில் நிறுத்தினால் காலையில் ஒரு சக்கரம் உட்கார்ந்திருக்கும். முள்ளைப் பிடுங்காமல் காற்றடித்து அப்படியே கடைக்குப் போங்கள். டியூப் டயராக இருந்தால் உட்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்த நுனி உள்ளே தங்கினால் புது டியூபையும் குத்தும். தென்னை நிழலும் வேண்டாம், காரணம் மேலே தொங்கும்.

எங்கேதான் தங்குவது? இரண்டே இடம்: முதல் இரண்டு ராத்திரி ராமநாதபுரம், அடுத்த இரண்டு ராமேஸ்வரம். இரண்டு ஊரிலும் வளாகத்துக்குள் வேன் நிறுத்த இடமுள்ள விடுதியில் ஒரே ஒரு அறை எடுங்கள். ராமேஸ்வரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலிலும் கேட்டுப் பார்க்கலாம். மாமியார் அறையில், நீங்கள் வேனில். ராத்திரி இரண்டு தடவை எழும் பெரியவருக்கு வேனின் படி உயரமும், இருபது லிட்டர் கையடக்கக் கழிப்பறையும் தண்டனை. அந்தக் கழிப்பறை நாலு பேருக்கு இரண்டு நாளில் நிரம்பும். செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில்தான் கொட்ட வேண்டும். அறை இருந்தால் அந்தத் தலைவலியே இல்லை. பகலில் ஏறி இறங்க ஒரு சாண் உயர மரப்பலகை ஒன்றை வேனில் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் இதனால் சுருங்குகிறது. வேனிலேயே எல்லாம் என்றால் கத்திரியில் குடிக்க ஆளுக்கு 4 லிட்டர், சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 12, கடல் குளியலுக்குப் பின் உப்புப் போக ஆளுக்கு 10 என்று நாளுக்கு 68 லிட்டர் ஆகும். குளியல் அறையில் என்றால் 30 போதும். தொட்டியில் 60 லிட்டர் ஏற்றினால் இரண்டு நாள். குடிப்பதற்கு ராமநாதபுரத்திலேயே கேன் வாங்கிவிடுங்கள். கரையோர போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு; தொட்டியில் ஊற்றினால் பம்பில் உப்புப் படிந்து அடைக்கும். கிராமத்து ஊரணியில் இறங்கிப் பாத்திரம் கழுவுவதோ வேனைக் கழுவுவதோ கூடவே கூடாது. பல ஊர்களில் அதுதான் அவர்கள் குடிக்கும் தண்ணீர்.

இனி மின்சாரம். 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 45 வாட் இழுக்கும். மே வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540 வாட்-மணி. 25 வாட் விசிறி இரண்டு, ஒன்பது மணி நேரம்: 450. விளக்கு, போன், தண்ணீர் பம்பு 150. மொத்தம் 1,140. லித்தியம் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று ஏறத்தாழ இதைத் தாங்கும். பழைய டியூபுலர் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் 200 ஏ.எச். வேண்டும். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயிலில் 650-ஐ ஒட்டித் திரும்பக் கிடைக்கும். மீதியை, எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் 25 ஆம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். ஆக தினமும் கொஞ்சமாவது ஓட்டுவது பேட்டரிக்கும் நல்லது. பேனலில் உப்பும் தூசியும் படலமாகப் படியும். காலையில் ஈரத்துணியால் ஒரு துடை.

ஏசி இந்தக் கணக்கில் வராது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட் (5,000 வாட்-மணி) வரை கேட்கும்; மேலே சொன்ன லித்தியம் பேட்டரி நாலைந்து வேண்டும். விடுதிக்காரரிடம் முன்கூட்டியே பேசி 16 ஆம்பியர் பிளக்கில் எடுங்கள், யூனிட்டுக்குப் பணம் கொடுத்துவிடலாம். ஒயர் 2.5 சதுர மி.மீ. தடிமனாக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடி பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுக்க விரித்துவிடுங்கள். வேனுக்குள் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா, பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள்.

பிளக் கிடைக்காத ராத்திரியில் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்க மட்டும் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் அப்படித்தான் கார்பன் மோனாக்சைடில் இறந்துபோனார்கள். அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, இருமலும் வராது. அதைவிட வேர்ப்பது மேல்: காற்று வரும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சமும் எதிர்ப்பக்கத்தை அகலமாகவும் திறந்து, கொசுவலை கட்டி, விசிறி போடுங்கள்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்த்தி வைத்துப் பெல்ட்டால் கட்டி, வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடியே வையுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

நண்பரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வேன் வெள்ளை போர்டா? அப்படியானால் வாடகைக்கு விடக்கூடாது; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடிப்பது அதைத்தான். நீங்களே ஓட்டும் வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். உள்ளே செய்த மாற்றங்களுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறாரா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வேன் பாருங்கள். நட்புக்காக எடுக்கிற அளவுக்குச் சின்ன ரிஸ்க் இல்லை இது.

நாட்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் விடியற்காலை பட்டுக்கோட்டை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் தொண்டியைத் தாண்டிக் காரங்காடு வந்துவிடும். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் ஒரு சுற்று. பிறகு தேவிபட்டினம் நவபாஷாணம் பார்த்துவிட்டு ராமநாதபுரம். இரண்டாம் நாள்தான் தென்கடல்: காலை ஆறு மணிக்குக் கிளம்பி திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். ஒரு பக்கம் நாற்பது கி.மீ. அளவுதான். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்காமல் வராதீர்கள். வழியில் நுங்கும் பதநீரும் சீசன். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா எந்தத் தேதி என்று மட்டும் முன்பே விசாரியுங்கள். பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். சமீப வருடங்களில் மே மாதத்தை ஒட்டி விழுகிறது. அந்த நாட்களில் பெரிய வேனோடு உள்ளே போனால் திரும்ப முடியாது. கரையிலிருந்து தெரியும் தீவுகளுக்குப் படகு பேசலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்: 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது.

மூன்றாம் நாள் பிரப்பன்வலசை அல்லது அரியமானில் குளியல். மேலே கட்டும் நிழற்பந்தலைப் பதினொரு மணிக்குள் சுருட்டிவிடுங்கள், காற்று ஏறினால் குழாயோடு பிய்க்கும். சாயங்காலம் பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலம் சுமார் 2.3 கி.மீ. நீளம், கச்சான் குறுக்கே அடிக்கும்போது உயரமான வேன் ஆடும். 40-க்கு மேல் போகாமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பேருந்து எதிரே கடக்கும் நொடியில் காற்று விட்டுவிட்டு அறைவதை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். படம் எடுக்க நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். ராமேஸ்வரம் ரத வீதிகளுக்குள் வேனைக் கொண்டுபோக வேண்டாம். விடுதியில் விட்டுவிட்டு மாமியாரை ஆட்டோவில் அழைத்துப் போங்கள்.

நாலாம் நாள் தனுஷ்கோடி. டீசல், குடிநீர் இரண்டையும் ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொண்டு, காலையில் திறந்தவுடன் போய், பத்து மணிக்குள் திரும்புங்கள். அரிச்சல்முனையில் கடலில் இறங்க வேண்டாம். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம், நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும். போனில் வெளிநாட்டு ரோமிங்கை அணைத்து வையுங்கள், இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. சங்கு, சிப்பி மாலை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு விற்றால் தொடாதீர்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மீன் கிடைக்குமா என்று கவலை வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை என்றாலும் நாட்டுப்படகு போகும். விலை கூடும், ஆனால் காலையில் பிடித்தது காலையிலேயே கைக்கு வரும். வடகடல் நண்டைத் தேடி வாங்குங்கள்.

உப்புக் காற்றில் நிற்கும் ராத்திரிகளில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடாதீர்கள். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், டிஸ்கில் படிந்த மெல்லிய துரு அது. ஐந்தாம் நாள் ஊர் திரும்புகிற வழியில் ராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடிப்பாகம், சக்கர வளைவு, ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் எல்லாம் நல்ல தண்ணீரால் அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் டீசல் தெளிக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றுவிடுங்கள்: ரப்பர் புஷ்களெல்லாம் ஊதிப் போய்விடும்.