காலேஜ் ஃபுட்பால் ஸ்ப்ரெட் பந்தயம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஒஹாயோவில், கொலம்பஸில், 15 வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால் மேட்ச் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) என்றால் இங்கே ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். 2023 ஜனவரி 1 அன்று இந்த மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது, அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பல சீசனாக ஒவ்வொரு பந்தயத்தையும் நோட்டில் எழுதி வைக்கிறவன் நான், அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். யாரையும் பந்தயம் கட்டச் சொல்லவில்லை. கட்டத்தான் போகிறீர்கள் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு கட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, கிளீவ்லாந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆபீஸில் எல்லோரும் 'மைனஸ் ஏழு', 'கவர் பண்ணலை' என்று பேசுகிறார்கள். அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

சரி தம்பி. இரண்டு அணி ஆடுகிறது, ஒன்று பலமானது, இன்னொன்று சுமார். யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்டால் எல்லோரும் பலமான அணி மேல்தான் பணம் வைப்பார்கள். அதனால் பலமான அணிக்கு ஒரு சுமை ஏற்றுகிறார்கள், அந்தச் சுமைதான் 'ஸ்ப்ரெட்'. -7 என்றால் அந்த அணி 7 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் உங்களுக்குப் பணம். அதற்குத்தான் 'கவர்' என்று பெயர். எதிரணியை +7க்கு வாங்கியவருக்கு அது ஜெயித்தாலும் பணம், 6 புள்ளியில் தோற்றாலும் பணம். சரியாக 7இல் முடிந்தால் 'புஷ்', இரண்டு பக்கமும் போட்ட பணம் திரும்பி வரும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று சார்லஸ் மெக்நீல் என்ற சிகாகோக்காரரைச் சொல்வார்கள், 1940களில். கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

கேள்வி: அப்படியென்றால் ஸ்ப்ரெட் என்பது கம்பெனிக்காரன் கணிக்கிற வித்தியாசம்தானே?

இல்லை, அது விலை. இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காய்கறிக் கடையில் தக்காளி நல்லதா என்று மட்டும் பார்த்து வாங்குவோமா? கிலோ என்ன விலை என்றும் கேட்போம் இல்லையா? இங்கேயும் அணி நல்லதா என்பது பாதிக் கேள்விதான். அந்த எண்ணுக்கு அது தகுமா என்பதுதான் மீதி.

2024 சீசனைப் பாருங்கள். செப்டம்பர் 7 அன்று நோட்டர் டேம் தன் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. நோட்டர் டேமுக்குக் கொடுத்திருந்த ஸ்ப்ரெட் 28ஐ ஒட்டி. நவம்பர் 30 அன்று எங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட், மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. அங்கே ஸ்ப்ரெட் சுமார் 20. அன்று சாயங்காலம் இந்த ஊர் இருந்த நிலையை நேரில் பார்த்தேன், தெருவில் ஒரு சத்தம் இல்லை. அப்படித் தோற்ற நோட்டர் டேமும் ஒஹாயோ ஸ்டேட்டும்தான் 2025 ஜனவரி 20 அன்று தேசிய இறுதிப் போட்டியில் மோதின, ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று கோப்பையை வாங்கியது. இரண்டுமே உண்மையில் நல்ல அணிகள்தான். அந்தந்தச் சனிக்கிழமை கேட்ட விலைதான் தாங்க முடியாத விலை.

கேள்வி: 50-50 மாதிரித்தானே? பாதி ஜெயித்தால் கையைக் கடிக்காது இல்லையா?

கடிக்கும். ஸ்ப்ரெட்டுக்குப் பக்கத்தில் -110 என்று போட்டிருப்பார்கள், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். நூறு பந்தயம் கட்டி ஐம்பது ஜெயித்தீர்கள் என்று வையுங்கள், வந்தது 5,000, போனது 5,500. பாதி சரியாகச் சொல்லியும் 500 டாலர் நஷ்டம். கையைக் கடிக்காமல் நிற்கவே 52.38 சதவீதம் ஜெயிக்க வேண்டும். வருடக்கணக்கில் 55 பிடிக்கிறவர் பெரிய கெட்டிக்காரர். யாராவது 70 சதவீதம் என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அரைப் புள்ளிக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்கள்?

ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அதன் பின்வரும் உதையும் சேர்ந்தால் 7. அதனால் ஆட்டங்கள் 3 வித்தியாசத்திலும் 7 வித்தியாசத்திலும் முடிவது மற்ற எண்களைவிட அதிகம். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.இல் ஏறக்குறைய ஏழில் ஒரு ஆட்டம் 3இல் முடியும். காலேஜில் அந்த அளவுக்கு இல்லை, அணிகளுக்கு நடுவே பள்ளம் பெரிது, 30, 40 வித்தியாசமெல்லாம் சர்வ சாதாரணம். ஆனாலும் 3ம் 7ம்தான் முக்கியம். ஒரு புக்கில் (பந்தயம் வாங்கும் கம்பெனியில்) -3.5, இன்னொன்றில் -3 என்று இருக்கும்போது சோம்பேறித்தனத்தால் -3.5 வாங்குகிறவர், 3இல் முடியும் ஆட்டத்தில் புஷ் ஆகித் திரும்பியிருக்க வேண்டிய காசைத் தானே தூக்கிக் கொடுக்கிறார். அந்த அரைப் புள்ளியைத்தான் 'ஹூக்' என்பார்கள். 22.5க்கும் 23க்கும் இருக்கிற அரைப் புள்ளி அவ்வளவு பெறாது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு வாங்குவது ஒன்றுதான் திறமையே இல்லாமல் யாரும் செய்யக்கூடியது. என் நோட்டில் நான்கு கட்டம் உண்டு: தேதி, நான் வாங்கிய எண், ஆட்டம் தொடங்கும்போது இருந்த எண், முடிவு. மூன்றாவது கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை லைன் (அதாவது ஸ்ப்ரெட் எண்) திறந்ததும் -6க்கு வாங்கி, சனிக்கிழமை அது -7.5 ஆகியிருந்தால் நான் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறேன் என்று அர்த்தம், அந்த ஆட்டம் தோற்றாலும். தொடர்ந்து உல்டாவாகப் போனால், இப்போது ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அது அதிர்ஷ்டம்தான்.

கேள்வி: போன வாரம் -13.5 வாங்கினேன். ஒரு நிமிடம் இருக்கும்போது 17 புள்ளி முன்னிலை. கடைசியில் தோற்றேன். ஏமாற்று வேலையா சார்?

இல்லை சார். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, எனக்கும் நடந்திருக்கிறது. அப்படி ஒரு ராத்திரி இன்னும் கண்ணில் நிற்கிறது: ஐம்பத்திரண்டு நொடி பாக்கி, ஜெயிக்கிற அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே நிற்பது முதல் வருடப் பையன்கள். தோற்கிற அணியின் மாற்றுக் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) இது சீசனிலேயே கிடைத்த ஒரே வாய்ப்பு, அவன் உயிரைக் கொடுத்து ஆடுகிறான். ஓரக்கோட்டை ஒட்டி ஒரு நீளமான பாஸ், டச்டவுன். 17 என்பது 10 ஆகிவிட்டது. மைதானத்தில் யாருக்கும் கவலை இல்லை, ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. இதற்கு 'பேக்டோர் கவர்' என்று பெயர்.

கோச்சுக்கு ஸ்ப்ரெட் என்று ஒன்று இருப்பதே கணக்கில்லை. அவருக்கு ஜெயித்தால் போதும், பையன்களுக்கு அடிபடாமல் இருந்தால் போதும். பெரிய ஸ்ப்ரெட்டில் ஃபேவரிட்டை, அதாவது ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைக்கிற அணியை, வாங்குமுன் நாலாவது கால் பகுதியில் அந்தக் கோச் யாரை இறக்குவார் என்று யோசியுங்கள். 2017இல் ஹவர்ட் அணி, 45 புள்ளி ஃபேவரிட்டாக இருந்த யூ.என்.எல்.வி.யை 43-40 என்று நேராகவே ஜெயித்தது, 2007இல் 41 புள்ளி ஃபேவரிட்டான யூ.எஸ்.சி.யை ஸ்டான்ஃபோர்ட் 24-23 என்று வீழ்த்தியது. இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் 45 கொடுத்து 30இல் ஜெயிப்பது வாராவாரம் நடக்கும்.

உண்மையான ஏமாற்றும் நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996இல் பாஸ்டன் காலேஜ் அணி, பந்தயம் கட்டியதற்காக 13 ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தது, அதில் இருவர் சொந்த அணி தோற்கும் என்றே கட்டியிருந்தார்கள். உங்கள் ஆட்டம் அந்த வகை இல்லை.

கேள்வி: ஓவர்டைம் போனால் ஸ்ப்ரெட் என்ன ஆகும்?

ஓவர்டைம் புள்ளியும் கணக்கில் சேரும். காலேஜில் இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு முறை, எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து பந்து கிடைக்கும். +3.5 வாங்கி, நான்கு கால் பகுதியும் சமமாக முடிந்தது என்று நிம்மதியாக இருப்பீர்கள், ஓவர்டைமில் ஒரு டச்டவுனில் தோற்றால் போச்சு. மூன்றாவது ஓவர்டைமிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு இரண்டு புள்ளி முயற்சி மட்டும்தான், அதனால் அங்கே போய்விட்டால் வித்தியாசம் 2ஐத் தாண்டாது. 2021இல் இல்லினாய், பென் ஸ்டேட்டை ஒன்பது ஓவர்டைம் ஆடி 20-18 என்று ஜெயித்தது. பென் ஸ்டேட்டுக்கு ஸ்ப்ரெட் இருபதுக்கும் மேல்.

கேள்வி: டிசம்பர் பௌல் ஆட்டங்களில் (வழக்கமான சீசன் முடிந்தபின் நடப்பவை) லைன் ஏன் இப்படித் தாவுகிறது?

யார் ஆடுவார்கள் என்பதே தெரியாததால். என்.எஃப்.எல். போகப்போகிற பையன் அடிபட்டுக்கொள்ள விரும்ப மாட்டான், இன்னொருவன் வேறு காலேஜுக்கு மாறுகிறான். 2023 டிசம்பர் 30 ஆரஞ்ச் பௌலை மறக்க முடியாது. 13 ஆட்டமும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை, குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டிருந்ததால், பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றில், சேர்க்கவில்லை. மனம் விட்டுப்போய் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒதுங்கிவிட்டார்கள். எதிரணியான ஜார்ஜியா பக்கம் சுமார் 14இல் திறந்த லைன் 20ஐத் தாண்டியது, முடிவு 63-3. செய்தி வந்து லைன் நகர்ந்த பிறகு ஓடிப்போய் வாங்கினால், செய்தியின் விலையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் அப்படி வாங்கினவரும் ஜெயித்தார், அதை வைத்துப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மழை, ஹோம் கிரவுண்டு?

ஹோம் கிரவுண்டுக்கு இரண்டரை மூன்று புள்ளி பெறும், அது லைனிலேயே சேர்ந்துதான் வருகிறது. மழையைவிடக் காற்றைப் பாருங்கள், பாஸையும் உதையையும் கெடுப்பது அதுதான்.

கேள்வி: 10 டாலர் பார்லே (பல பந்தயத்தை ஒன்றாகக் கோர்ப்பது, எல்லாம் ஜெயித்தால்தான் பணம்) போட்டால் 600 டாலர் என்கிறார்கள். சின்ன காசுதானே?

இரண்டு ஸ்ப்ரெட்டைச் சேர்த்தால் நியாயமாக ஒரு டாலருக்கு மூன்று டாலர் லாபம் வர வேண்டும், தருவது சுமார் 2.6. மூன்றைச் சேர்த்தால் ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறு. ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் அவர்கள் இன்னொரு முறை வெட்டிக்கொள்கிறார்கள். ஆப்பைத் திறந்ததும் பார்லேதான் பளிச்சென்று முதலில் நிற்கிறது, காரணம் இதுதான். சின்ன காசு வாரம் மூன்று முறை போனால் சின்ன காசு இல்லை.

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். இங்குள்ள ரட்கர்ஸ் காலேஜ் ஆட்டம் ஆப்பில் வரவே மாட்டேன் என்கிறது.

நியூஜெர்சியில் அந்த மாநிலக் காலேஜ் அணிகள் மேல் பந்தயம் கட்ட முடியாது. மாற்றலாமா என்று 2021 நவம்பரில் மக்களிடமே வாக்கு கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். நியூயார்க்கிலும் இதே மாதிரி உண்டு. இங்கே ஒஹாயோவில் தனி காலேஜ் ஆட்டக்காரர் மேல் கட்டுவதை 2024இல் நிறுத்தினார்கள், எனக்கு அதில் முழு சம்மதம். பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு முகம் தெரியாத ஆட்கள் அவன் போனுக்கு மிரட்டல் அனுப்புவது பெரிய பாவம்.

கேள்வி: டாலஸ், ஹெச்1பி. டெக்சாஸில் சட்டப்படி இல்லை, வெளிநாட்டு சைட்டில் கட்டலாமா?

வேண்டாம். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பழைய தடையை நீக்கியது, ஆனால் அனுமதிப்பதும் மறுப்பதும் ஒவ்வொரு மாநிலத்தின் கையில். வெளிநாட்டு சைட் ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் நீங்கள் போய் நிற்க ஒரு இடம் கிடையாது. இன்னொன்று, குடியுரிமைக்கு நன்னடத்தை பார்க்கும் சட்டத்தில் சூதாட்டக் குற்றங்களும், முக்கியமாகச் சட்டவிரோதச் சூதாட்டத்தில் பிழைப்பதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறவர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன், இங்கிருந்து கட்ட வழி உண்டா?

இல்லை தம்பி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. ஆட்டத்தைப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் நான்கு வாரம் தொடர்ந்து சரியாகச் சொன்னார். மாதம் 200 டாலர் கேட்கிறார்.

64 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த அணி, மீதிப் பேருக்கு அந்த அணி என்று அனுப்புங்கள். தவறாகப் போனவர்களை விட்டுவிட்டு 32 பேருக்கு மறுபடி அப்படியே. நான்கு வாரத்தில் 4 பேர் மிஞ்சுவார்கள், அவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஒருமுறைகூடத் தவறாதவர். அந்த நாலு பேரில் ஒருவர் நீங்களாக இருக்கலாம். பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வரி?

ஜெயித்தது எல்லாம் வருமானம், காட்ட வேண்டும். நஷ்டத்தைக் கழிக்க ஐட்டமைஸ் (கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவது) செய்ய வேண்டும், 2026இலிருந்து நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கழிக்க முடியும். 10,000 ஜெயித்து 10,000 தோற்றவர் கையில் ஒன்றுமே இல்லாமல் 1,000க்கு வரி கட்ட வேண்டும். நோட்டு எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அண்ணா, நான் கட்டுகிறவள் இல்லை. என் கணவர் செப்டம்பரிலிருந்து ராத்திரி முழுக்க போனும் கையுமாக இருக்கிறார். சேமிப்புக் கணக்கில் பாதி இல்லை. கேட்டால் இந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்கிறார். ஒஹாயோவில்தான் இருக்கிறோம்.

தங்கச்சி, மற்ற எல்லாக் கேள்வியையும்விட உங்களுக்குத்தான் நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். 'இந்தச் சனிக்கிழமை எடுத்துவிடுகிறேன்' என்பதுதான் அடையாளம். விட்டதைப் பிடிக்கப் போகிறவர் எண்ணைப் பார்ப்பதில்லை, பணத்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார். அவர் கெட்டவர் இல்லை, சண்டை போட்டாலும் இது நிற்காது.

இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். மீதி இருக்கிற சேமிப்பை உங்கள் பெயரில் மட்டும் இருக்கிற கணக்குக்கு மாற்றுங்கள், கிரெடிட் கார்டில் அவர் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1-800-426-2537ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, குடும்பத்தினரும் பேசலாம். அப்புறம் ஒஹாயோவில் 'டைம் அவுட் ஒஹாயோ' என்று ஒரு ஏற்பாடு உண்டு, அவரே பெயர் கொடுத்தால் மாநிலத்தில் உள்ள ஆப், கேசினோ எல்லாவற்றிலிருந்தும் அவரை விலக்கி வைப்பார்கள். அதில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாரும் போட முடியாது. கொலம்பஸ் பக்கம் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன். என் நோட்டையும் எடுத்து வருகிறேன், அதில் நான் தோற்ற பக்கங்களை அவர் பார்க்கட்டும்.