பழைய வண்டி பாடிய வெட்டி ஹாட் ராட் கட்டணுமா? கேளுங்க, சொல்லுதேன்

நாகர்கோவில்ல டிங்கரிங் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், தகர வேலைதான் சின்ன வயசுல இருந்து தொழில். ஹாட் ராட் பத்தி ஆளாளுக்கு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்துக்கும் சேத்து இங்கன பதில்.

தக்கலைல இருந்து: அண்ணே, ஹாட் ராட்னா மாடிஃபை பண்ணுன கார்தானே?

அவ்வளவு லேசா சொல்லிற முடியாது தம்பி. அது அமெரிக்கால கலிபோர்னியா பக்கம் வளந்த சமாச்சாரம். அங்க மியூராக், எல் மிராஜ்னு வத்திப்போன ஏரி இருக்கு, தரை மைல் கணக்குல தட்டையா கெடக்கும். பையன்மாரு பழைய ஃபோர்டு வாங்கி மட்கார்டு, பம்பர் எல்லாத்தையும் கழத்தி வீசிட்டு, எஞ்சின்ல வேலை செஞ்சு, அங்க கொண்டுபோய் யாரு வேகம்னு பாப்பாங்க. 1932ல ஃபோர்டு வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்துச்சு, 221 கியூபிக் இஞ்ச், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி, அதுவும் சாதாரண ஆளு வாங்குற விலையில. இன்னைக்கும் '32 ஃபோர்டுக்கு அங்க இருக்க மரியாதை அதனாலதான். ரூஃப தாங்குற தூண்ல கொஞ்சம் வெட்டி எடுத்து ரூஃப இறக்குனது காத்து முட்டுறத குறைக்க. ஸ்டைலுக்காக மட்டும் வெட்டி இறக்குனா அது கஸ்டம், 1949ல இருந்து 51 வரைக்கும் வந்த மெர்க்குரி கார அப்படித்தான் செஞ்சாங்க.

மார்த்தாண்டம்: தாத்தா ஓட்டுன 1970 மாடல் அம்பாசடர் ஷெட்ல நிக்குது. ஆர்சி புக் இருக்கு, எஞ்சின் ஓடும். ரூஃப மூணு இஞ்ச் இறக்கலாம்னு இருக்கேன், எவ்வளவு ஆவும்?

மக்கா, அதுல கிரைண்டர் வைக்காத. காசு எவ்வளவுன்னு நான் சொல்லவே போறதில்ல. அம்பாசடர் 2014ல நின்னு போச்சு, இனி புதுசா ஒண்ணு வராது. ஓடுற வண்டி, புக் உள்ள வண்டி, அதுவும் தாத்தா கை பட்ட வண்டி. வெட்டிட்டா பழையபடி ஆக்க யாராலயும் முடியாது, நான் நெனச்சாலும் முடியாது. 50 வருஷம் தாண்டுன வண்டிய விண்டேஜ்னு பதிவு பண்ண 2021ல ரூல் வந்தாச்சு, கட்டணம் 20,000 ரூவா, பத்து வருஷத்துக்கு செல்லும். ஆனா சேஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் செஞ்சிருக்கக் கூடாது. நீ ரூஃப் வெட்டுன அன்னைக்கே அந்தத் தகுதி போச்சு.

இன்னொண்ணு, அம்பாசடர்ல தனி சேஸ் கெடையாது, பாடியேதான் சேஸ். ரூஃபு, தூணு, தரை எல்லாம் ஒண்ணா சேந்துதான் பாரம் தாங்குது. உள்ள முட்டுக் குடுக்காம ரூஃப எடுத்தா நடுவுல தொங்கிரும், அப்புறம் கதவு பூட்டாது. அத தூத்து தொடச்சு, பிரேக்க சரி பண்ணி அப்படியே ஓட்டு.

வடசேரி: அப்போ எதத்தாண்ணே வெட்ட?

ஏற்கனவே செத்ததை வெட்டுங்க. ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளைலயும் பழைய இரும்புக் கடைலயும் தேடிப் பாருங்க, மூக்கு நீண்ட பழைய லாரியோட கேபின் சில நேரம் தனியா கெடக்கும். சேஸ் ஸ்கிராப்புக்கு போயிருக்கும், புக்கும் இருக்காது, யாருக்கும் வேண்டாத பொருள். கண்ணாடி பிளாட்டா, தூண் நேரா நிக்குற கேபினா பாத்து எடுங்க, வெட்டிப் படிக்க அதவிட நல்லது கெடையாது. என்ன எடுத்தாலும் பில் எழுதி வாங்கிக்கிடுங்க.

சில பேரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கேக்குதாங்க. மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, அதுக்கு தனி சேஸ் உண்டு, ரூஃபே போல்ட்டுலதான் நிக்கும். அத வெட்ட என்ன அவசியம்? கழத்தி பத்திரமா வச்சுட்டு, நெனச்சப்போ மாட்டலாம்.

குலசேகரம்: ரூஃப் இறக்குறத கொஞ்சம் விவரமா சொல்லுங்க அண்ணாச்சி.

வெட்டுறது அரை நாள் வேலை, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கதுதான் வேலையே. மொதல்ல வண்டிய மட்டமா ஸ்டாண்டுல ஏத்தி, ஒரு இஞ்ச் ஸ்கொயர் டியூப் எடுத்து கதவு வாசல்ல குறுக்கும் நெடுக்குமா வெல்டு பண்ணி முட்டுக் குடுங்க, உள்ள இடது தூணுக்கும் வலது தூணுக்கும் நடுவுலயும் ஒண்ணு. அப்புறம் மூலைக்கு மூலை அளவெடுத்து சுவர்லயே எழுதி வைங்க, பேப்பர் தொலைஞ்சிரும். வெட்ட வேண்டிய எடத்துல மாஸ்கிங் டேப் ரெண்டு வரி ஒட்டி அதுக்கு நடுவுல வெட்டணும்.

எல்லாரும் முழிக்குற எடம் இதுதான். முன் தூணு பின்னால சாஞ்சிருக்கும், பின் தூணு முன்னால சாஞ்சிருக்கும். மூணு இஞ்ச் எடுத்துட்டு ரூஃப நேரா இறக்குனா, முன்னாடியும் சேராது பின்னாடியும் சேராது, ரூஃபு நீளத்துல குட்டையா நிக்கும். அதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு ரூஃப குறுக்க வெட்டி நடுவுல தகடு வச்சு நீட்டணும், இல்லன்னா தூண இன்னும் சாய்க்கணும். '32 ஃபோர்டுல தூணு அனேகமா நேரா நிக்கும், அதான் அவங்களுக்கு லேசா போச்சு.

வெல்டிங்குக்கு மிக், அதாவது கம்பி தானா ஓடி வர்ற மெஷின் நல்லது. ஒரே இழுப்பா இழுத்துராதீங்க. இங்க ஒரு டாக், அதாவது பொட்டு மாதிரி சின்ன வெல்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த டாக், கைய வச்சுப் பாருங்க, சூடு தாங்குதுன்னா திரும்ப மொத எடத்துக்கு வாங்க. அவசரப்பட்டா தகடு சூட்டுல நெளிஞ்சிரும், அப்புறம் எத்தன நாள் சுத்தியல் தட்டுனாலும் அந்த நெளிவு பெயின்ட்டுக்குள்ள தெரியும். பாதி டாக் முடிஞ்சதும் கதவ மாட்டி பூட்டிப் பாருங்க, இடைவெளி சரியா வந்த பொறவுதான் மீதி. பேட்டரி கேபிள கழத்துங்க, பெட்ரோல் டேங்க வண்டிய விட்டே எடுத்து தள்ளி வைங்க. காலி டேங்குதான் கூடுதல் ஆபத்து, உள்ள இருக்க ஆவி வெடிக்கும்.

களியக்காவிளை: கண்ணாடி?

பிளாட்டான லேமினேட்டட் கண்ணாடிய, அதாவது நடுவுல பிளாஸ்டிக் வச்சு ரெண்டு கண்ணாடிய ஒட்டுனத, கடைலயே அளவுக்கு வெட்டித் தருவாங்க. டஃபண்ட், அதாவது சூடு பண்ணி கெட்டியாக்குன கண்ணாடிய வெட்டவே முடியாது, தொட்டா பொடிப்பொடியாப் போவும். அத புதுசா அளவு குடுத்துத்தான் செய்யணும்.

கொளச்சல்: கடல் பக்கம் வீடு, துரு பிடிக்காம எப்படிண்ணே வைக்க?

நம்ம ஊருக்கு இதுதான் பெரிய கேள்வி, உப்புக்காத்து ஒரு பக்கம், வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் இன்னொரு பக்கம். தகரத்த உரிச்சு போட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போனா காலைல செவப்பு பூத்திருக்கும். உரிச்ச அன்னைக்கே எபாக்சி பிரைமர் அடிச்சிருங்க, பள்ளம் நிரப்புற பட்டி அதுக்கு மேலதான், அதுவும் மூணு மில்லிமீட்டர் தடிப்பு தாண்டக் கூடாது. வேற எங்கயோ ரூஃப் வெட்டுன கார் ஒண்ணு என்கிட்ட வந்துச்சு, மூலைல விரல் தடிப்புக்கு பட்டி, ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் பிஸ்கட்டு மாதிரி பேந்து வந்துட்டு, அடியில தகரமே இல்ல. தூணுக்கு உள்பக்கம் வெல்டு பண்ணுன எடத்துல கேவிட்டி வேக்ஸ், அதாவது துரு பிடிக்காம இருக்க உள்ள அடிக்குற மெழுகு, அடிக்க ஒரு ஓட்டை விட்டு வைங்க. வாரம் ஒருக்கா அடிப்பக்கம் நல்ல தண்ணி ஊத்தி கழுவுங்க.

பார்வதிபுரம்: டிஎன் 74 நம்பர் போட்டு ரோட்டுல ஓட்டலாமா?

ஓட்ட முடியாது. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிட்டு. ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூவா ஃபைன், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. வேற வண்டி நம்பர இதுல மாட்டுறது அதவிட பெரிய குத்தம். சொந்த எடத்துல வைங்க, எங்கயாவது காட்சிக்கு வைக்கணும்னா லாரில ஏத்தி கொண்டு போங்க. மனசு கஷ்டமா இருக்கும், எனக்கும் அப்படித்தான், ஆனா இதுல வளைஞ்சு போக வழி இல்ல.

இரணியல்: அண்ணே, நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற பொண்ணு. தகர வேலை கத்துக்க எங்க இருந்து தொடங்க?

சந்தோஷம் தங்கச்சி, இந்த வேலைக்கு இப்ப வர ஆளே கம்மி. பழைய இரும்புக் கடைல ஒரு கதவு வாங்கு. நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்ட வெட்டி எடு, அதே அளவுல 20 கேஜ் தடிப்பு தகடு வெட்டி அந்த ஓட்டைல வச்சு வெல்டு பண்ணி ஒட்டு. கிரைண்டர் போட்டு சமமாக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு மேல கைய ஓட்டு. ஒட்டு எங்கன்னு கைக்குத் தெரிஞ்சா அடுத்த துண்ட வெட்டு, தெரியலன்னா கதவ எடுத்துக்கிட்டு நேரா ஒர்க்‌ஷாப்புக்கு வா.